சேர்த்து எழுதுவதா, இடம் விட்டு எழுதுவதா?

தமிழில் நாலு வரி தட்டச்சு செய்கிற யாருக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். 'வந்துவிட்டேன்' ஒரே சொல்லா, 'வந்து விட்டேன்' என்று நடுவில் இடம் விட வேண்டுமா? ஒற்று மிகுமா மிகாதா என்று கேட்டால் சண்டை போட்டாவது சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். இடைவெளியைப் பற்றிக் கேட்டால் மட்டும், "எப்படி எழுதினாலும் புரியும், விடுங்க" என்று முடித்துவிடுவார்கள்.

புரியும்தான், பெரும்பாலும். ஆனால் 'அப்பா வந்துவிட்டார்' என்றால் அப்பா வீட்டுக்குள் நுழைந்தாயிற்று. 'ஸ்டேஷனில் அப்பா வந்து விட்டார்' என்றால் கூடவே வந்து இறக்கிவிட்டுப் போனார். எழுத்தெல்லாம் அதேதான், மாறியது ஓர் இடைவெளி மட்டும். அதனால் 'எப்படியும் எழுதலாம்' என்ற கட்சியில் நான் இல்லை. அதே நேரம், எல்லாவற்றையும் ஒட்டி 'வந்துகொண்டிருந்தவர்களெல்லாரும்' என்று ஒரே மூச்சில் எழுதுகிற பழைய பண்டிதர் கட்சியிலும் இல்லை.

நான் பிடித்துக்கொண்டிருக்கிற விதி ஒன்றுதான். இரண்டாவதாக வரும் சொல் தன் சொந்தப் பொருளோடு நிற்கிறதா, முன்னால் இருக்கும் சொல்லோடு கரைந்துவிட்டதா என்று பாருங்கள். தன் காலில் நின்றால் இடம் விடுங்கள், கரைந்திருந்தால் சேருங்கள். கீழே வருவதெல்லாம் இந்த ஒன்றை எங்கெங்கே எப்படிப் பொருத்துவது என்பதுதான், அப்புறம் இது பலிக்காத சில இடங்கள்.

இந்தக் குழப்பம் ஏன் நமக்கு இவ்வளவு என்றால், இடைவெளியே நம் எழுத்துக்குப் பின்னால் வந்து சேர்ந்த விஷயம். ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடம் விடுகிற வழக்கம் இல்லை, மெய்க்குப் புள்ளிகூட பெரும்பாலும் இருக்காது. படிக்கிறவர்தான் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். எழுத்து ஒன்றுபோலவே இருந்து பொருள் மட்டும் வேறாகிற சேர்க்கைகளை ஓசைதான் வேறுபடுத்தும் என்று தொல்காப்பியம் புணரியலிலேயே சொல்லிவிடுகிறது. உரையாசிரியர்கள் அதற்குத் தரும் உதாரணம் 'செம்பொன்பதின்றொடி'. தொடி என்பது ஒரு நிறுத்தல் அளவு. செம்பொன், பதின்தொடி என்று பிரித்தால் தங்கம் பத்துத் தொடி. செம்பு, ஒன்பதின்தொடி என்று பிரித்தால் செம்பு ஒன்பது தொடி. வாங்க வந்தவன் ஒரு மாதிரியும் விற்கிறவன் ஒரு மாதிரியும் படித்தால் கதை கந்தல். அன்றைக்குக் குரல் செய்த வேலையை அச்சு வந்த பிறகு இடைவெளி செய்கிறது, அவ்வளவுதான். எனவே சந்தேகம் வரும்போது முதலில் வரியை வாய்விட்டுப் படியுங்கள். எங்கே நாக்கு நிற்காமல் ஓடுகிறதோ அங்கே பெரும்பாலும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கும்.

ஆங்கிலத்தில் இதெல்லாம் தெளிவாக இருக்கிறது, நமக்குத்தான் தலைவிதி என்று நினைக்க வேண்டாம். 2007இல் ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் புதிய பதிப்பு வந்தபோது ஏறக்குறைய 16,000 சொற்களில் இருந்த சிறுகோட்டை எடுத்துவிட்டார்கள். அதுவரை நடுவில் கோடு போட்டு எழுதிய ஐஸ்கிரீம் அங்கே இரண்டு சொல்லானது, பம்பிள்பீ ஒரே சொல்லானது. ஈமெயிலின் நடுவில் இருந்த கோட்டை அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக் கையேடு 2011இல்தான் கைவிட்டது. ஒரே வித்தியாசம், அங்கே சண்டை வந்தால் அகராதியைத் திறந்து முடித்துக்கொள்வார்கள். இங்கே அகராதி பாதி தூரம்தான் வரும், ஏனென்றால் நம் சொற்கள் வாக்கியத்துக்குள் வந்த பிறகுதான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. 'வந்துவிட்டிருந்தால்கூட' என்பதையெல்லாம் எந்த அகராதியும் தனியாகப் போட்டுவைக்க முடியாது.

நடுவில் ஒன்றை நுழைத்துப் பாருங்கள்

சரி, ஒரு சொல் கரைந்துவிட்டதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நடுவில் இன்னொரு சொல்லையோ ஓர் உருபையோ நுழைத்துப் பாருங்கள். பொருள் கெடாமல் நுழைந்தால் அவை இரண்டு சொற்கள்.

'வேலை செய்தான்' என்பதை 'வேலையைச் செய்தான்', 'வேலை ஒழுங்காகச் செய்தான்' என்று விரிக்கலாம், பொருள் மாறவில்லை. ஆகவே இடம் விடலாம். 'என்னைக் கைவிட்டான்' என்பதை 'என்னைக் கையை விட்டான்' என்று விரித்தால் அபத்தம். ஆகவே கைவிட்டான் ஒரே சொல். ஆனால் பாருங்கள், 'சட்டைப் பையில் கை விட்டான்' என்று வரும்போது 'கையை விட்டான்' என்று விரிக்க முடிகிறது, அங்கே இடம் வேண்டும். கை என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஒரு பக்கம் எழுதலாம்: சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிறோம், பொறுப்பைக் கைகழுவுகிறோம், மேடையில் கை கொடுக்கிறோம், கஷ்டத்தில் கைகொடுக்கிறோம். எதிர்பார், முன்வா, கண்டுபிடி, மேற்கொள் எல்லாம் இந்த வகை. 'உதவ முன்வந்தார்' என்பதில் யாரும் நடந்து முன்னால் வரவில்லை.

பெயர்ச்சொல்லிலும் இதே கதைதான். 'நல்ல எண்ணெய்' என்றால் கலப்படமில்லாத எந்த எண்ணெயாகவும் இருக்கலாம், நல்லெண்ணெய் என்றால் எள்ளில் ஆட்டியது. நல்லபாம்பு நல்ல பாம்பு இல்லை என்பதை ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, ஆனால் எழுதும்போது பலரும் நடுவில் இடம் விட்டுப் பாம்புக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்கள். 'விபத்தில் பெருங்காயம்' என்று தலைப்பு வைத்தால் ரசத்தின் வாசனை வருவதும் இதனால்தான், சேர்த்து எழுதிய சொல் ஏற்கெனவே சமையலறையில் பதிவாகிவிட்டது, ஆகவே அங்கே 'பெரிய காயம்' என்று போட்டுவிடுவது புத்திசாலித்தனம். மருத்துவமனை ஒரே சொல், அதில் மனை என்பது வீட்டுமனை இல்லை. 'மருத்துவக் கல்லூரி'யில் கல்லூரி கல்லூரியாகவே இருக்கிறது, எனவே இடம்.

விதி முழுதாகப் பலிக்காத இடமும் உண்டு. சின்ன வெங்காயம் என்பது ஒரு தனி வகை, அளவில் சிறிய பெரிய வெங்காயம் இல்லை. பொருளை வைத்துப் பார்த்தால் சேர்த்திருக்க வேண்டும், ஆனால் யாரும் 'சின்னவெங்காயம்' என்று எழுதுவதில்லை. பச்சை மிளகாயும் அப்படியே. வழக்கம் இப்படி இருக்கிற இடத்தில் விதியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள், கண்ணுக்குப் பழகிய உருவத்தையே எழுதுங்கள்.

எழுத்து மாறிவிட்டால் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. கடல் என்பது கடற்கரையில் 'கடற்' ஆகிவிட்டது, பல் என்பது பற்பசையில் 'பற்' ஆகிவிட்டது. இந்த 'கடற்', 'பற்' எல்லாம் தனியாக நிற்கத் தெரியாதவை, ஆகவே 'கடற் கரை' என்று எழுதக் கூடாது. சொற்றொடர், பொற்குடம், மட்குடம் எல்லாம் இப்படித்தான். அவ்வீடு, அந்நாள், இவ்வூர் என்று சுட்டெழுத்து ஒட்டி வருவதும் பிரியாது. 'அந்த வீடு' என்று எழுதினால் பிரியும். ஈற்றில் ம் மட்டும் விழுந்த சொற்கள் கொஞ்சம் இளகிய மனசுக்காரர்கள். மரக்கிளை என்று சேர்த்தும் எழுதலாம், 'புத்தகக் கண்காட்சி' என்று நீளமாக இருந்தால் பிரித்தும் எழுதலாம். பிரிக்கும்போது ஒற்று முதல் சொல்லின் வாலில்தான் நிற்கும், அதை விட்டுவிடாதீர்கள். 'புத்தக கண்காட்சி' என்று பெயர்ப்பலகைக்காரர்கள் எழுதுவதற்குக் காரணம் பிரித்ததும் ஒற்றுக்கு வேலை முடிந்துவிட்டது என்ற நினைப்புதான். 'தந்த பலகை' யாரோ கொடுத்த பலகை, 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தில் செய்தது. ஒற்றை விட்டால் யானையே காணாமல் போகும்.

மூன்று சொற்கள் சேர்ந்து வரும்போது இடைவெளியை வைத்து நீங்கள் கொஞ்சம் விளையாடவும் முடியும். 'பழைய புத்தகக் கடை' என்றால் பழையது எது, புத்தகமா கடையா? 'பழைய புத்தகக்கடை' என்று எழுதினால் கடை பழையது என்ற பக்கம் சாயும். புத்தகம்தான் பழையது என்றால் 'பழைய புத்தகங்கள் விற்கும் கடை' என்று விரித்து எழுதிவிடுவது நல்லது. எல்லாச் சுமையையும் இடைவெளியின் தலையில் ஏற்ற வேண்டியதில்லை.

துணைவினை: பாதிக்கு மேல் தகராறு இங்கேதான்

விடு, கொள், இரு, போ, வை, போடு, பார், கொடு. இந்த வினைகள் இரட்டை வேடம் போடுகிறவை. தனியாக வந்தால் சொந்தப் பொருள், இன்னொரு வினைக்குப் பின்னால் வந்தால் அந்த வினை முடிந்ததையோ தொடர்வதையோ எரிச்சலையோ காட்டுகிற வால். வாலாக இருக்கும்போது சேருங்கள்.

'படிக்க உட்கார்ந்தவன் தூங்கிப்போனான்' என்பதில் யாரும் எங்கேயும் போகவில்லை. 'ராத்திரி இங்கேயே தூங்கிப் போனான்' என்றால் தூங்கினான், எழுந்தான், கிளம்பினான். 'கண்ணாடியை உடைத்துப்போட்டான்' என்பதில் சொல்கிறவருடைய கடுப்பு இருக்கிறது. 'தோசை மேல் முட்டையை உடைத்துப் போட்டான்' என்பதில் முட்டை உண்மையிலேயே கல்லில் விழுந்தது. 'வீட்டை மகள் பேரில் எழுதிவைத்தார்' என்பது பத்திர விவகாரம், 'கடிதத்தை மேசையில் எழுதி வைத்தார்' என்றால் எழுதினார், பிறகு வைத்தார். இப்படி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது வால், எது முழுவினை என்று உடனே பிடிபடும், இலக்கணப் பெயரெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

'கொண்டு' கொஞ்சம் கவனிக்க வேண்டிய ஆள். 'பேசிக்கொண்டு', 'எடுத்துக்கொண்டான்' எல்லாம் சேரும். 'கத்தியைக் கொண்டு வெட்டினான்' என்று கருவியைச் சொல்லும்போது தனியாக நிற்கும். 'கொண்டுவா', 'கொண்டுபோ' சேர்ந்துதான் வரும். 'படு' மட்டும் சந்தேகத்துக்கே இடம் வைக்காது: செய்யப்பட்டது, சொல்லப்படுகிறது, திறக்கப்படும் எல்லாமே ஒரே சொல். 'திறக்கப் படும்' என்று கடையில் எழுதிப்போட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னமோ படப்போகிறது என்றுதான் தோன்றும்.

இதற்கு எதிர்ப்பக்கம் சில சொற்கள் தனியாகவே நிற்க விரும்புகிறவை. வேண்டும், முடியும், தெரியும் மூன்றையும் இடம் விட்டே எழுதுங்கள்: செய்ய வேண்டும், வர முடியும், நீந்தத் தெரியும். 'செய்யவேண்டும்' தவறில்லை, ஆனால் இடம் விட்டால் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்பது என் கருத்து. கூடாது, மாட்டேன் இரண்டும் நடுவில் நிற்கின்றன. வரமாட்டேன், வர மாட்டேன் இரண்டையும் நல்ல எழுத்தாளர்களிடமே பார்க்கலாம். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஒரே கட்டுரைக்குள் மாறி மாறி எழுதாமல் இருந்தால் போதும். 'வரவில்லை' பிரியாது, நடுவில் வகரம் வந்து பசை போட்டுவிட்டது.

துணைவினை ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டால் என்ன செய்வது? 'சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்' இலக்கணப்படி ஒரே சொல்தான், ஆனால் படிக்கிறவர் பாவம். கைபேசித் திரையில் இது வரி முடிவில் வந்தால் மொத்தமாக அடுத்த வரிக்குத் தாவி மேலே ஒரு பெரிய ஓட்டையை விட்டுவிட்டுப் போகும். நாளிதழின் குறுகிய பத்தியில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம், அங்கே தாராளமாகப் பிரித்து எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம். இப்படிப்பட்ட நீளச் சொல்லை ஒரே ஓர் இடத்தில் மட்டும் பிரியுங்கள், அதுவும் பொருளைச் சுமக்கிற பகுதி முடிகிற இடத்தில்: 'சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தார்'. சொல்லிக்கொடு என்பது கற்பித்தல் என்ற ஒரே பொருள், அதன் நடுவில் வெட்டி 'சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்' என்றால் சரியான இடத்தில் மூச்சு விடாத மாதிரி இருக்கிறது.

பின்னால் ஒட்டும் சின்னச் சொற்கள்

தான், விட, கூட, போது, படி, இருந்து. ஆளுக்கு ஆள் சின்னதாக இருந்தாலும் குழப்பம் பெரிது.

'அவன்தான் செய்த தவறை உணர்ந்தான்' என்று படியுங்கள். உணர்ந்தது வேறு யாரும் இல்லை, அவனே. 'அவன் தான் செய்த தவறை உணர்ந்தான்' என்பதில் தவறு செய்ததும் அவனே, அது அவனுடைய சொந்தத் தவறு. முதலாவதில் தான் என்பது அழுத்தம், ஒட்டி எழுத வேண்டும். இரண்டாவதில் அது தன்னை, தனக்கு என்று உருபேற்கிற முழுச்சொல், தனியாக நிற்க வேண்டும். அழுத்தம் தரும் தானை எப்போதும் ஒட்டி எழுதும் பழக்கம் இருந்தால் மட்டுமே இந்த வேறுபாட்டைப் படிக்கிறவர் நம்ப முடியும்; நீங்கள் பாதி நேரம் ஒட்டியும் பாதி நேரம் விட்டும் எழுதினால் இரண்டாவது வாக்கியத்தை அவர் எப்படியும் எடுத்துக்கொள்வார்.

'விட' இதைவிட மோசம். 'சிகரெட்டைவிட மோசமானது' என்றால் ஒப்பீடு, 'சிகரெட்டை விட ஆசை' என்றால் பழக்கத்தை நிறுத்தும் ஆசை. இரண்டையும் இடம் விட்டு எழுதுகிறவர்களே அதிகம். ஒப்பீடு என்றால் ஒட்டுங்கள், அவ்வளவுதான். 'கூட' என்பதும் அப்படி: 'பத்து ரூபாய்கூட இல்லை' என்பது வறுமை, 'பத்து ரூபாய் கூடக் கொடுத்தேன்' என்பது தாராளம். 'வீட்டிலிருந்து கிளம்பினான்' என்றால் புறப்பட்ட இடம். 'வீட்டில் இருந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டான்' என்றால் வீட்டிலேயே தங்கினான்.

போது, பின், படி போன்றவை எச்சத்துக்குப் பின்னால் வந்தால் ஒட்டிக்கொள்ளும்: வந்தபோது, போகும்போது, சாப்பிட்டபின், சொன்னபடி. 'அவர் சொன்ன படி' என்று இடம் விட்டால் வாசற்படியைத் தேட வேண்டியிருக்கும். அதே சொற்களும் அவற்றின் சொந்தக்காரர்களும் வேற்றுமை உருபுக்குப் பின்னால் வந்தால் விலகி நிற்கும்: அதற்குப் பிறகு, வீட்டுக்கு முன், அதைப் பற்றி. விதிவிலக்கு மேலே சொன்ன 'அதைவிட'தான், அதற்குக் காரணமும் மேலே இருக்கிறது. போல, மட்டும், வரை, எல்லாம் ஆகியவற்றில் பொருள் கெடுவது அபூர்வம்; எப்படி எழுதினாலும் குடி முழுகாது.

'ஒரு' விஷயம் தனி. 'ஒருவேளை வருவார்' என்றால் வரலாம், வராமலும் போகலாம். 'ஒரு வேளைதான் சாப்பிடுகிறார்' என்றால் நாளுக்கு ஒருதடவை. 'ஒருவழியாக வேலை முடிந்தது' பெருமூச்சு, 'ஒரு வழியாக உள்ளே போய் இன்னொரு வழியாக வெளியே வந்தோம்' கதவுக் கணக்கு. ஒன்று என்ற எண்ணிக்கை மனதில் இருந்தால் இடம் விடுங்கள். இரண்டு, மூன்று என்று மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும், 'இரண்டு வேளை' வரும், 'இரண்டுவேளை வருவார்' வராது.

எண்ணும் கோடும் கடன் சொல்லும்

இலக்கத்துக்குப் பின்னால் உருபு வந்தால் '2024இல்' என்றோ '2024-ல்' என்றோ எழுதுங்கள். '10ஆம் வகுப்பு', '10-ம் வகுப்பு' இரண்டுமே புழக்கத்தில் உள்ளவை, தமிழ்நாட்டு நாளிதழ்களில் கோடு போட்ட வடிவத்தை அதிகம் பார்க்கலாம். '2024 இல்' என்று மட்டும் எழுதாதீர்கள், வரி மடங்கும்போது 'இல்' அநாதையாக அடுத்த வரியில் போய் நிற்கும். அளவுப்பெயர் முழுச்சொல், அதற்கு இடம் வேண்டும்: 5 கிலோ, 3 மணி.

சிறுகோட்டை மற்ற இடங்களில் நான் கஞ்சத்தனமாகத்தான் செலவு செய்வேன். இரண்டு சமமான பெயர்கள் நடுவில் நின்றால் சரி: சென்னை-மதுரை ரயில், தமிழ்-ஆங்கில அகராதி. தாய்தந்தை, இரவுபகல் போன்றவற்றுக்குத் தேவையில்லை, அவை தலைமுறை தலைமுறையாகக் கோடில்லாமல் குடும்பம் நடத்துகின்றன. துணைவினைக்கு நடுவில் கோடு போடுவதை விட்டுவிடுங்கள், தமிழில் அதற்கு மரபே கிடையாது.

கடன் சொற்களில் ஆங்கிலத்தில் எப்படி என்று பார்க்க வேண்டியதில்லை, நம் வாயில் எப்படி விழுகிறது என்பதே கணக்கு. செல்போன், ஐஸ்கிரீம், பாஸ்வேர்டு நமக்கு ஒரே பொருள், ஒரே சொல். டிரைவிங் லைசென்ஸ், ஹார்ட் டிஸ்க், பஸ் ஸ்டாண்டு இரண்டாகவே நிற்கட்டும். டீக்கடையில் ககர ஒற்று வந்து ஒட்டிவிட்டது, ரேஷன் கடையில் வரவில்லை. மாநிலத்தின் பெயர் இதற்கு நேர் எதிரான வேடிக்கை: 1969 ஜனவரி 14 அன்று மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது, தமிழில் ஒரே சொல், ஆங்கிலத்தில் இன்றுவரை இரண்டு. ஆங்கிலத்தைப் பார்த்துத் 'தமிழ் நாடு' என்று பிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எழுதி முடித்த பிறகு

இவ்வளவையும் எழுதும்போதே யோசித்துக்கொண்டிருந்தால் ஒரு வரி நகராது. முதலில் மனம்போல எழுதிவிடுங்கள், பிறகு திருத்துங்கள். கைபேசியில் எழுதினால் திருத்தம் கட்டாயம் தேவை, ஏனென்றால் அங்கே பிரிப்பது நீங்கள் இல்லை, விசைப்பலகை. 'வந்து' என்று பரிந்துரையைத் தொட்டதும் அதுவாகவே ஓர் இடைவெளியைப் போட்டுவிடும், அடுத்து 'விட்டேன்' என்பதைத் தொடுவீர்கள், ஆயிற்று, 'வந்து விட்டேன்'. பேசி எழுத வைத்தாலும் பெரும்பாலும் இப்படித்தான் விழும். கணினியில் சிக்கல் வேறு விதம்: சேர்த்து எழுதிய நீளச் சொல் எழுத்துப் பிழைதிருத்தியின் பட்டியலில் இருக்காது, உடனே அடியில் சிவப்புக் கோடு விழும், கோடு மறைய வேண்டும் என்பதற்காகவே சிலர் நல்ல சொல்லை வெட்டிவிடுகிறார்கள். சிவப்புக் கோட்டை நம்பாதீர்கள்.

தனிச்சொல் சந்தேகம் என்றால் 1992இல் முதலில் வந்து பிறகு விரிவாக்கப்பட்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பாருங்கள். கைவிடு, எதிர்பார் போன்ற கூட்டுவினைகள் அதில் தலைச்சொல்லாகவே இருக்கும், தலைச்சொல்லாக இருந்தால் சேர்த்து எழுதலாம் என்று எடுத்துக்கொள்ளலாம். அதிகம் எழுதுகிறவர்கள், குறிப்பாக இருவர் மூவர் சேர்ந்து ஒரே இடத்தில் எழுதுகிறவர்கள், தங்களுக்கென்று ஒரு சின்னப் பட்டியல் வைத்துக்கொள்வது பிறகு வரும் சண்டையைக் குறைக்கும்: வரமாட்டேனா வர மாட்டேனா, 10ஆமா 10-மா, வாட்ஸ்அப்பா வாட்ஸப்பா. எது என்பதைவிட எல்லாரும் ஒன்றையே எழுதுவது முக்கியம், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்துப் பழைய கட்டுரையைத் தேடும்போது பாதிதான் கிடைக்கும், 'செல்போன்' என்று தேடினால் 'செல் போன்' என்று எழுதியது அகப்படாமல் போவதுண்டு.

திருத்துவதற்குத் தேடல் பெட்டியைத் திறந்து, முதலில் ஓர் இடைவெளி தட்டி அதற்குப் பின்னால் 'விட்ட' என்று போடுங்கள். பிரிந்து கிடக்கிற எல்லா 'விட்ட'வும் வரிசையாக வரும். அடுத்து 'கொண்ட', 'பட்ட', 'போது', 'தான்', 'விட' என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதல் இரண்டு கட்டுரைக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், பிறகு கையே பழகிவிடும். மொத்தமாக மாற்றும் பொத்தானை மட்டும் அமுக்காதீர்கள். அமுக்கினால் ஸ்டேஷனில் வந்து விட்ட அப்பாவும் பையில் கை விட்டவனும் அதில் மாட்டிக்கொள்வார்கள்.